பின்பக்கக் கம்பம்

இதற்கெல்லாம்கூடத் தனியாக ஒரு ஆள் இருக்கிறாரா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை மேடம், ஆனால் உங்கள் முகத்தில் அந்தக் கேள்வி வந்து போனது. பரவாயில்லை. குதிரைகள் தாண்டுகிற தடைகளை வடிவமைப்பது என் தொழில் என்று என் மாமனாரிடம் சொன்னபோது, அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குறுக்க ரெண்டு கம்பு போடுறதுதானே? மத்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

மற்ற நேரம் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. ஒவ்வொரு மைதானமும் தனக்கென்று ஒரு தடை கேட்கும். ஏரிக்கரையில் இருக்கிற மைதானத்துக்குப் படகு வேண்டும். பரிசு கொடுக்கிற கடிகாரக் கம்பெனிக்குக் கடிகாரம் வேண்டும். ஒரு சோப்புக் கம்பெனிக்காரர் பிடிவாதமாகக் கதவு அளவுக்குச் சோப்புக் கட்டி செய்யச் சொன்னார். வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அன்றைக்கு வந்த குதிரைகளில் பாதி அதைப் பார்த்த மாத்திரத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடின. குதிரைகளுக்குத்தான் சுத்தம் பிடிக்கவில்லை என்று அந்த முதலாளி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

என் வேலையில் பாதி தச்சு வேலை, மீதி குதிரையின் கண். நமக்குத் தெரிகிற நிறமெல்லாம் அதற்குத் தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், வெள்ளை நன்றாகவே தெரியும். சிவப்பும் பச்சையும் அதற்கு ஒரே மங்கலான மண் நிறம்தான். அதோடு, தடையின் அடிப்பகுதியைப் பார்த்துத்தான் எங்கிருந்து எழும்புவது என்று குதிரை கணக்குப் போடும். அடியில் வைக்கிற பலகையோ பூத்தொட்டியோ கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால் குதிரைக்குச் சௌகரியம். உள்ளே தள்ளியிருந்தால் ஏமாந்துபோய்த் தடைக்கு மிக அருகில் வந்து எழும்பும். ஆகவே, பார்ப்பவர்களுக்கு அழகாகவும் குதிரைக்குத் தெளிவாகவும் செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் குதிரையின் பக்கம்தான் நிற்க வேண்டும். இத்தனை வருடமாக அப்படித்தான் நின்றேன். என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற பின்பக்கக் கம்பத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஒரு கம்பம், சற்றுத் தள்ளிப் பின்னால் ஒரு கம்பம் என்று அகலமாக நிற்கிற தடைகள் உண்டு. பின்னால் இருப்பதுதான் ஆபத்து. குதிரை அந்தரத்தில் இருக்கும்போது அதன் கால் அந்தக் கம்பத்தின் மேல் விழுந்தால், கம்பம் உடனே கழன்று கீழே விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் குதிரை கவிழும். அதற்காகத்தான், கம்பத்தைத் தாங்குகிற கிண்ணத்தைத் தூணோடு ஒரு பிளாஸ்டிக் முளையால் மாட்டுவோம். பாரம் ஏறினால் முளை முறிந்துவிடும், கிண்ணமும் கம்பமும் சேர்ந்து இறங்கிவிடும். அந்த முளைகளை நான்தான் செய்கிறேன். சாம்பல் நிறம், சுண்டுவிரல் அளவு.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய அம்மா வீட்டை விட்டுப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. "ஒரு வாரம் அக்கா வீட்டுல இருந்துட்டு வரேங்க, இந்த வீட்டுல மூச்சு முட்டுது" என்றாள். பெட்டியைக்கூட நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அவள் திரும்பி வரவில்லை. மூச்சு முட்டுகிற மாதிரி நான் என்ன செய்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கே போகிறாய், எப்போது வருவாய், யாரோடு பேசினாய் என்று கேட்பேன். அக்கறை இருக்கிறவன் கேட்கத்தானே செய்வான்.

மகள் என்னோடு இருந்துவிட்டாள். பட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், கம்பங்களுக்குப் பட்டை பட்டையாக வண்ணம் அடிப்பாள். தடைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் அவற்றைத் தாண்ட ஆரம்பித்துவிட்டது. நல்ல கை. குதிரையை அதட்டவே மாட்டாள். அவளுடைய குதிரைக்கு லாயத்தில் வேறு ஏதோ பெரிய பெயர் உண்டு, ஆனால் அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "அப்பா, உங்க மாப்பிள்ளை இன்னைக்கு ரொம்ப முறுக்கா இருக்காரு" என்று சிரிப்பாள். லாயத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காலையில் கண் விழித்ததும் அவள் ஓடியது அந்த லாயத்துக்குத்தான். என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க அவளுக்கு நேரமில்லை.

அப்புறம் அந்த அழைப்பு வந்தது. கடல் கடந்து ஒரு பெரிய பயிற்சிக்கூடம். அங்கே இருக்கிறவர் இவளை ஏதோ போட்டியில் பார்த்திருக்கிறார். எங்கள் ஊர் மைதானத் திறப்புப் போட்டிக்கு நேரில் வருவதாகவும், அதில் ஒரு கம்பமும் விழாமல் முடித்துவிட்டால் குதிரையோடு சேர்த்து இவளையும் அழைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். அதெல்லாம் போகப் போகத் தெரியும் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேளுங்கள். கெஞ்சினேன். சாப்பிடாமல் கிடந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் முன்னால் நின்று அழுதேன். பெற்ற பெண் முன்னால் அழுவது ஒரு ஆணுக்குச் சுலபமில்லை மேடம். ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றேன். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். நெஞ்சில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

"அப்பா, போறேன்னா விட்டுட்டுப் போறேன்னு அர்த்தமா? போன் இருக்கு, லீவு இருக்கு. வருவேன்ப்பா" என்றாள், ஆட்டோவில் திரும்பி வரும்போது.

"உங்கம்மாவும் வரேன்னுதான் சொன்னா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிடித்திருந்த கை தளர்ந்துதான் இருந்தது. அதை நான் கவனித்தேன்.

திறப்புப் போட்டிக்கான முகப்புத் தடையைச் செய்யும் வேலை என்னிடம்தான் வந்திருந்தது. மைதானத்தின் பழைய இரும்பு வாயிலையும் அதன் மேல் படர்ந்திருக்கிற கொடியையும் போலவே வேண்டும் என்றார்கள். செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. தூண்கள் இரண்டும் கொடி சுற்றிய வாயில் தூண்கள். கம்பங்கள் பாசிப் பச்சை. பின்னால் மைதானத்தின் செடி வேலி, அதுவும் பச்சை. அடியில் வைக்கிற பலகையில், வாயில் வழியாக ஒரு பாதை உள்ளே போவதுபோல நிழலோடு தீட்டினேன். மனிதர்கள் பார்த்துவிட்டு உள்ளே நடந்து போகலாம்போல இருக்கிறது என்றார்கள். குதிரைக்கு என்ன தெரியும் என்றால், மண் நிறத்துக்கு முன்னால் மண் நிறம். அடிப்பகுதி எங்கேயோ உள்ளே. பின்பக்கக் கம்பம் இருப்பதே தெரியாது.

களத்தில் எந்தத் தடை எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. அவர் மட்டும் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "பின்னாடி கம்பத்துக்குக் கொஞ்சம் வெள்ளை குடுத்திருக்கலாமோ?" என்றார். மைதானத்துக்காரர்கள் கேட்ட நிறம் சார் என்றேன். "நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டார். இவ்வளவு நாள் சம்பாதித்த பெயர் அந்த ஒரு வாக்கியத்தில் செலவாகிப் போனது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அதுவரை என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரை தடையைப் பார்த்துக் குழம்பி நின்றுவிடும். நின்றால் தண்டப் புள்ளி. வந்திருக்கிறவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். மகள் இரண்டு நாள் அழுவாள், நான் கூடவே இருப்பேன். அவ்வளவுதான் என் திட்டம். மாப்பிள்ளை ஒரு பயந்தாங்கொள்ளி. சந்தேகம் வந்தால் நின்றுவிடுகிற குதிரை.

போட்டியன்று காலையில், ஓட்டுகிறவர்கள் குதிரை இல்லாமல் களத்தை நடந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தடைக்கு எப்படி வருவது, எங்கே திரும்புவது என்று காலால் அளந்து மனதில் போட்டுக்கொள்வார்கள். என் மகளும் நடந்தாள். குலுக்கலில் அவள் பெயர்தான் முதலில் வந்திருந்தது. முதல் ஆளுக்கு, மற்றவர்கள் எப்படித் தாண்டுகிறார்கள் என்று பார்க்கிற வசதி கிடையாது.

என் தடைக்கு முன்னால் வந்து நின்றாள். கம்பத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவள் செய்ததை அங்கே வேறு யாரும் செய்யவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, குதிரையின் தலை உயரத்திலிருந்து அதைப் பார்த்தாள். நான் சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. நிமிர்ந்து என்னிடம் வந்தாள்.

"அப்பா, இது மனுஷங்களுக்குத்தான்ப்பா தெரியும். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"கொஞ்ச நாளா நீங்க சரியா தூங்கவே இல்ல. அதான் இப்படி ஆயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. இந்த நேரத்துல சொன்னா உங்க பேரு கெட்டுடும். நான் பாத்துக்கறேன்."

"எப்படிம்மா?"

"அவனுக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுமே. நான் சொன்னா அவன் தாண்டுவான். பின்னாடி கம்பத்துல கால் பட்டாலும் அது விழுந்துடப் போகுது. உங்க முளைதானே."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அவள் சொன்னால் அது தாண்டும். அவள் சொன்னது உண்மை. பயந்தாங்கொள்ளிக் குதிரைகூட அவள் காலால் ஒரு சொல் சொன்னால் நெருப்பிலும் குதிக்கும். நான் குதிரையின் கண்ணுக்காகத் தடை செய்திருந்தேன், அது யாரை நம்பித் தாண்டுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிற்காது. ஒருவேளை ஒரு கம்பம் விழலாம், அப்போதும் வந்திருக்கிறவர், இவ்வளவு மோசமான தடையை முதல் ஆளாகப் போய்த் தாண்டினாளே என்று இன்னும் மெச்சிக்கொள்வார். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம். இந்த ஊரில் இல்லாவிட்டால் இன்னொரு ஊரில். ஓட்டத் தெரிந்திருக்கும்வரை அவளை யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அது எனக்கு அந்த மைதானத்தில் நின்றபோதுதான் முழுசாக உறைத்தது. வீட்டுக்குத் தனியாகப் போய்ச் பூட்டைத் திறந்து விளக்கைப் போடுவதை நினைத்துப் பார்த்தேன். உங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படாது.

என் பெட்டியில் இரும்பு முளைகள் இருந்தன. பட்டறையில் கிண்ணம் பொருத்திப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. முறியாது. அதற்கும் அதே சாம்பல் நிறம்தான் அடித்திருப்பேன். பெட்டியை எடுத்துக்கொண்டு தடைக்குப் போனேன். தடை செய்தவன் தடைக்குப் பக்கத்தில் குனிந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? வேலையாட்களில் ஒருவன் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தான். பின்பக்கம், இரண்டு பக்கமும் மாற்றினேன்.

மற்ற பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நேற்று கேட்டீர்கள். அதை யோசிக்காதவன் இல்லை நான். முதலில் போவது அவள். அவளுக்குப் பிறகு அந்தத் தடையை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் பத்திரமாக முடித்தார்கள்.

நடந்ததை நீங்கள் காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். மாப்பிள்ளை வருகிற வேகத்தைக் குறைத்தது, காதை ஆட்டியது, நிற்கப் பார்த்தது. அவள் விடவில்லை. அது அவளை நம்பி எழும்பியது, மிக அருகிலிருந்து. முன்கால்கள் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் இறங்கின. பின்பக்கக் கம்பம் விழவில்லை. குதிரை தலைகீழாகப் புரண்டு அவள் மேல் விழுந்தது. அதற்குக் கால் முறிந்திருந்ததால் அங்கேயே நான்கு பக்கமும் துணியைப் பிடித்து மறைத்து ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

அதற்குப் பிறகு அவளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பட்டறையைப் பூட்டிவிட்டேன். வாசல் படிகளை உடைத்துச் சரிவாக்கினேன். புண் வராமலிருக்க இரவும் பகலும் புரட்டிப் படுக்க வைத்தேன். தலை வாரிவிட்டேன். நர்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காபி குடிப்போம். அவளுக்கு அவசரமே இருக்காது.

சில நாட்கள் அழுவாள். "நின்னுடலாம்னு அவன் சொன்னான்ப்பா. நான்தான் கேக்கல. நான்தான் அவனைக் கொன்னேன்" என்பாள். அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, விடும்மா, நடந்தது நடந்துபோச்சு என்பேன். அந்தத் தடையில் என் தவறு இருந்தது என்று வெளியே யாரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரித்தவர்களிடம், தான்தான் தப்பாக வந்ததாகச் சொன்னாள். எனக்கு அது வேதனையாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் மனம் இன்னும் உடைந்துபோகும் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் லாயத்திலிருந்து மீசை வந்தார். அவர் பெயரே எங்களுக்கு மறந்துவிட்டது, மீசைதான் பெயர். மாப்பிள்ளையைக் குளிப்பாட்டித் தீனி வைத்துப் பார்த்துக்கொண்டவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் உள்ளே வராமலே நின்றார். நான் காபி போடப் போன நேரத்தில் அவளிடம் எதையோ கொடுத்திருக்கிறார். குதிரை விழுந்து நொறுக்கிய தூணோடு அதன் வயிற்றுக்கு அடியில் கிடந்ததாம், கிண்ணமும் முளையுமாக. குதிரையின் ஞாபகத்துக்கு என்று எடுத்து வைத்திருந்திருக்கிறார். மாதக்கணக்கில் தன் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இது ஏன் முறியவில்லை என்று ஒரு நாள் தோன்றியிருக்கிறது.

அவர் போன பிறகு அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"இது என்னப்பா?"

"ஏதோ பழைய முளை."

"இரும்புப்பா இது."

மாறிப் போயிருக்கும் என்றேன். பெட்டியில் கலந்து கிடந்திருக்கும், நீதான் நான் தூங்கவே இல்லை என்றாயே என்றேன். அவள் என்னையே பார்த்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. போனை மட்டும் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

குதிரையை நிறுத்துவதற்கு வண்ணமே போதுமே, முளையை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறீர்கள். நேற்றிலிருந்து நான் சுற்றி வளைத்தது போதும். அவள் விழ வேண்டும் என்றுதான் மாற்றினேன். இனி ஓட்டவே முடியாதபடி விழ வேண்டும் என்று. செத்துப்போயிருந்தால் என்று கேட்காதீர்கள், அவள் சாகவில்லை. என் கையால், தெரிந்தே, நிதானமாகச் செய்தேன். இதற்கு எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அதற்காக என்ன தண்டனையோ கொடுங்கள்.

ஆனால் என்னைச் சாயங்காலத்துக்குள் ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புங்கள். அவளை இடது பக்கமாகப் புரட்டும்போது தோளுக்கு அடியில் கை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிக்கும். அது வேறு யாருக்கும் தெரியாது.

நீங்கள் இப்போது சொல்வதை நான் நம்பவில்லை மேடம். அவளுடைய அம்மா காலையிலேயே வண்டி கொண்டுவந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்கிறீர்கள். மகளே போன் செய்து வரச் சொன்னாள் என்கிறீர்கள். புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது. என்னை விட்டு அவள் போயிருக்க மாட்டாள். தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.